லூபஸ் இருந்தாலும் அழகரைப் பார்க்கலாம்

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் லூபஸ். அது உள்ளவர்களுக்கு மதுரையில் சித்திரை மாதம்தான் சோதனை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் தடிப்பை உண்டாக்குவதோடு நிற்காது. அடங்கியிருந்த மூட்டுவலி, காய்ச்சல், சோர்வு எல்லாவற்றையும் கிளப்பிவிடக்கூடும்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தாராளமாகப் போங்கள், அது விடியற்காலையில்தானே. சிக்கல் திரும்பும்போதுதான். கூட்டத்தில் நகர்ந்து கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். காலை 10 முதல் மாலை 4 வரை கதிர் கடுமை, மேகம் போட்டிருந்தாலும்தான். முழுக்கைச் சட்டை, குடை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். சன்ஸ்கிரீனை 2 மணிக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்களை நனைத்தால் (நனைக்காமல் விடமாட்டார்கள்), துடைத்துவிட்டு உடனே பூசுங்கள்.

அப்புறம் மாத்திரை. விழா அலைச்சலில், லூபஸை அடக்கிவைக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அதைத் தானாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், லூபஸ்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தொற்றாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.