குளத்துக்குக் கண்ணாடி ஜன்னல்: சுவர் முடியும் முன் ஆர்டர் கொடுக்காதீர்கள்

தை மாதக் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டுக்குப் போயிருந்தேன். கோய் மீன் குளம், 18 அடி நீளம். ஒரு பக்கச் சுவரில் உட்கார்ந்து மீன் பார்க்கக் கண்ணாடி ஜன்னல். வேலையை எடுத்திருந்த தம்பிக்கு இதுதான் முதல் ஜன்னல். சுவரில் சென்ட்ரிங் பலகை இன்னும் பிரிக்கவில்லை. "கண்ணாடிக்கு நேத்தே ஆர்டர் போட்டுட்டேங்ண்ணா. வர்றதுக்குப் பத்து நாள் ஆகுமாம், அதுக்குள்ள இங்க பூச்சு முடிஞ்சிரும்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை நான் ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரசமட்டம் பார்க்காமல் வைப்பது, கையுறை போடாமல் கண்ணாடி தூக்குவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. மேஸ்திரி முதல் நாளே திட்டித் திருத்திவிடுவார். பார்வைக்குச் சரியாக இருந்து, தண்ணீர் நின்ற பிறகு காட்டிக்கொடுக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெரிய குளத்துக்குத்தான் தடித்த கண்ணாடி என்று நினைப்பது

குளம் 10 அடி நீளமா 50 அடி நீளமா என்பது கண்ணாடிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ஆழம் மட்டும்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 1,000 கிலோ பாரத்தோடு தள்ளுகிறது. 5 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு தண்ணீருக்கு ஒரு அடி கீழே, அடி விளிம்பு மூன்று அடி கீழே. அந்தக் கண்ணாடியை இரவும் பகலும் 550 கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று அடித்து ஓய்வதைப் போல இது ஓயாது. அதனால் வீட்டு ஜன்னலுக்குத் தடிமன் சொல்லும் கடைக்காரரிடம் இதற்குக் கேட்காதீர்கள். ஆழத்தையும் ஜன்னல் அளவையும் சொல்லி ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். மேலே சொன்ன அளவுக்கு, நான்கு பக்கமும் தாங்கல் இருந்தால், நான் வைப்பது 12 மில்லி டஃபன்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய) தகடு இரண்டை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. ஒரு தகடு போனாலும் மற்றது தண்ணீரைப் பிடித்து நிற்க வேண்டும். மீனை வேறு இடத்துக்கு மாற்ற நமக்கு நேரம் கிடைப்பது அதனால்தான்.

கட்டிய சுவரை அப்புறம் உடைத்து ஜன்னல் வைப்பது

கம்பி அறுபடும். ஜன்னல் வேண்டுமா என்று கம்பி கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். திறப்பைச் சுற்றிலும் கூடுதல் கம்பி, நான்கு மூலையிலும் குறுக்குக் கம்பி வேண்டும்.

கண்ணாடியை வெளிப்பக்கம் ஒட்டுவது

கண்ணாடி தண்ணீர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். குளத்துக்குள் இருந்து பார்த்தால் திறப்பைச் சுற்றி இரண்டரை அங்குலக் காடி, அதாவது படி மாதிரி உள்வாங்கிய விளிம்பு. அதில் கண்ணாடி போய் உட்கார வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தள்ளத் தள்ள அது சுவரோடு அழுந்தும். வெளியில் ஒட்டினால் 550 கிலோவையும் சிலிகான்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். உள்ளே வைத்தால் கசிவை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை.

வரைபட அளவை வைத்துக் கண்ணாடி வாங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் கோபம் வருகிற விஷயம் இது.

கோவைக்கு வெளியே ஒரு வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்றைக்கு வருகிறவர்கள் ஜன்னலில் மீன் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. நியாயமான ஆசைதான். பத்து நாள் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் வரைபடத்தில் இருந்த அளவை அப்படியே எழுதிக் கொடுத்தேன். காடி 66 அங்குலம், கண்ணாடி 65 அங்குலம், பக்கத்துக்கு நாலு நூல் (அரை அங்குலம்) இடைவெளி. தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகை லேசாக உப்பியது. அதன் மேல் பூச்சு ஏறியது. பூச்சின் மேல் நீர்க்காப்புக் கோட்டிங் மூன்று கை. ஒவ்வொன்றும் ஒரு நூல், இரண்டு நூல் தின்றது. கண்ணாடி வந்து இறங்கியபோது வலப்பக்கம் ஒரு நூல் இடைவெளி. இடப்பக்கம் அடி மூலையில் விரல்நகம்கூட நுழையவில்லை.

சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம், தேய்க்கலாம். டஃபன்ட் கண்ணாடியில் அது நடக்காது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை அடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதனால் மேல்தோல் இறுகி நிற்கிறது, உள்பகுதி இழுபட்டு நிற்கிறது. அந்தச் சமநிலையை ஓர் இடத்தில் குலைத்தால் முழுத் தகடும் கல்கண்டாகச் சிதறும். நடுவில் முஷ்டியால் குத்தினால் தாங்கும். ஓரத்திலும் மூலையிலும் கடினமான பொருள் பட்டால் தாங்காது.

மேஸ்திரி சொன்னார்: "நாலு நூல்தானுங்க, செவுத்தக் கொத்தி உட்டரலாம்." நான் சரி என்றேன். கொத்தினார். கோட்டிங் பிய்ந்தது, ஒரு இடத்தில் கம்பியே தெரிந்தது. சிமெண்டுப் பால் தடவி மூடினோம். அடியில் வைக்க வேண்டிய ரப்பர் கட்டைக்கு அந்த மூலையில் இடமில்லை. கண்ணாடி நேராகக் கான்கிரீட் மேல் உட்கார்ந்தது. சிலிகான் பூசியதும் அது வெளியே தெரியாமல் போய்விட்டது.

கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. சித்திரை மாதம், மதியம் மூன்று மணி, நல்ல வெயில். பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம் என்று வீட்டம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தால் குளத்துப் பக்கத் தகடு முழுக்க மணிமணியாக உடைந்து, நடுவில் உள்ள படலத்தில் ஒட்டி நிற்கிறது. வெளித்தகடு மட்டும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. விரிசல் எல்லாம் இடப்பக்க அடி மூலையிலிருந்துதான் விரிந்திருந்தது. பதினொரு கோய் மீனையும் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றிவிட்டு, இரவு பத்து மணி வரை குளத்தை இறைத்தோம். கண்ணாடி போச்சு, கோட்டிங் போச்சு, காடியை முழுக்க உடைத்து மறுபடி வார்க்க வேண்டியிருந்தது. பத்து நாள் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டரை மாதம் ஓடியது. முழுச் செலவும் என்னுடையது.

இப்போது செய்வது இதுதான். காடி, பூச்சு, கோட்டிங் எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் அளவுக் கோலைக் கையில் எடுப்பேன். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கின்றனவா பார்ப்பேன். நேரான அலுமினியக் கட்டையைக் காடியின் முகத்தில் வைத்து, பின்னால் டார்ச் அடிப்பேன். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே பள்ளம். கட்டை எங்கே ஆடுகிறதோ அங்கே மேடு. மேட்டைத் தேய்த்தே ஆக வேண்டும். விட்டால் தண்ணீர் கண்ணாடியை அந்த மேட்டின் மேல் வளைக்கும். பிறகு பிளைவுட்டில் கண்ணாடி அளவுக்கு ஒரு மாதிரிப் பலகை வெட்டி, அடியில் ரப்பர் கட்டையோடு காடியில் நிறுத்துவேன். சுற்றிலும் நாலு நூல் இடைவெளி ஓட வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடும் ஒரு மில்லி, இரண்டு மில்லி விலகி ஒட்டியிருக்கும். அந்த விலகலுக்கும் இடம் இந்த நாலு நூலில்தான். சரியாக இருந்தால் பலகையில் எது மேல்பக்கம், எது தண்ணீர்ப் பக்கம் என்று எழுதி, அந்தப் பலகையையே கண்ணாடி வேலை செய்கிறவருக்கு அனுப்பிவிடுவேன். எண்ணை வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை.

பொள்ளாச்சித் தம்பியை அங்கேயே நிற்கவைத்துப் போன் போடச் சொன்னேன். நல்லவேளை, கண்ணாடி வெட்டியிருந்தார்கள், உலைக்குள் போகவில்லை. நிறுத்திவைத்தார்கள். பூச்சும் கோட்டிங்கும் முடிந்து பலகை வைத்துப் பார்த்தபோது காடி ஐந்து நூல் சிறுத்திருந்தது. அந்த ஐந்து நூலை வெட்டிவிட்டு உலையில் ஏற்றினார்கள்.

இரும்பு ஆங்கிள் சட்டம்

வேண்டாம். துரு ஊதும், ஊதினால் கண்ணாடியை நெரிக்கும்.

கையில் கிடைத்த சிலிகான்

வினிகர் நெடி அடிக்கிற சிலிகான் கண்ணாடித் தொட்டிக்கு நல்லது, சிமெண்டுக்கு ஆகாது. அதன் அமிலம் சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து ஒட்டுமிடத்தில் மாவு மாதிரி உப்பு பூக்கும். பார்க்க ஒட்டியிருக்கும், இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும். நியூட்ரல் சிலிகான் வாங்குங்கள். ஆனால் குளியலறைக்கென்று விற்கிற பூஞ்சைத் தடுப்பு வகை வேண்டாம். அந்த மருந்து மீனுக்கு விஷம். கண்ணாடி வரக் காத்திருக்கும் பத்து நாளில், அதே கோட்டிங் அடித்த ஒரு செங்கல்லில் சிலிகானைப் பூசிக் காயவிட்டு, பிய்த்துப் பாருங்கள். சிலிகானே அறுபட வேண்டும், கோட்டிங்கைவிட்டுப் பெயர்ந்து வரக்கூடாது. கண்ணாடியின் விளிம்பு முழுதும் சிலிகானுக்குள் மூழ்கட்டும். விளிம்பில் தண்ணீர் நின்றால் நடுப்படலம் ஓரத்திலிருந்து பால் மாதிரி வெளுக்கும்.

அக்ரிலிக்

எடை குறைவு, கீறல் அதிகம், வெயிலில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். எனக்குச் சரிப்படவில்லை.

வெளிச்சத்தை யோசிக்காமல் இடம் குறிப்பது

பார்க்கிற பக்கம் நிழலாகவும் தண்ணீர்ப் பக்கம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். மாறினால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். மேற்கு பார்த்த ஜன்னலில் சாயங்கால வெயில் நேராக இறங்கி, ஒரே வாரத்தில் பாசி பச்சைத் திரை போடும். தாழ்வாரத்துக்குக் கீழ், வடக்கு பார்த்து அமைந்தால் நல்லது. தண்ணீருக்குள் இருப்பது முக்கால் தூரத்தில் இருப்பது போலத் தெரிவதால் மீன் கிட்டத்தில், பெரிதாகத் தெரியும். குழந்தைகள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜன்னலின் மையத்தை நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர் மட்டத்திலேயே மேல் விளிம்பு

குளத்தில் நிற்கும் போர்வெல் தண்ணீர் கோடையில் இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் உப்புக் கோடு போட்டுவிட்டுப் போகும். ஒரு அடி கீழே வையுங்கள்.

வடிகால் இல்லாத பள்ளத் திண்ணை

குளத்தை ஒட்டிப் பள்ளம் எடுத்து, அதில் இறங்கி உட்கார்ந்து பார்க்கும் அமைப்பு அழகுதான். ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் நிறைந்தால், அதே நேரம் குளம் சுத்தம் செய்ய இறைத்திருந்தால், அழுத்தம் திரும்பிவிடும். வெளித்தண்ணீர் கண்ணாடியைக் காடியிலிருந்து குளத்துக்குள் தள்ளும். அந்தப் பக்கம் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பள்ளத்துக்கு வடிகாலோ தானாக ஓடும் பம்போ இல்லாமல் நான் இப்போது வேலை எடுப்பதில்லை. உள்பக்கம் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் நான்கும் வைக்கிறேன், கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் ரப்பர் வைத்து.

முதல் தண்ணீர்

சிலிகான் காற்றின் ஈரத்தை இழுத்து வெளியிலிருந்து உள்ளே காய்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லி. ஆழமான இணைப்பென்றால் இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் ஜன்னலின் அடி விளிம்புக்கு மேல் ஒரு அடி மட்டும் நிரப்பி, வெளிப்பக்க அடி இணைப்பில் டிஷ்யூ பேப்பரை மடித்துச் செருகி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பேப்பர் காட்டிவிடும். நனையவில்லை என்றால் அடுத்த அடி. முழுதும் நிறைந்து ஒரு வாரம் நின்ற பிறகு மீன்.

நேற்று பொள்ளாச்சித் தம்பி படம் அனுப்பியிருந்தார். ஜன்னலில் பாதித் தண்ணீர், கையில் பேப்பர், காய்ந்துதான் இருந்தது. இன்னும் இரண்டு அடி பாக்கி.