செபஸ்தியார் பலகைக்கு வெள்ளைப் பூச்சு போடும் முறை

தேவாலயப் பலிபீடத்துக்கு, அம்பு எய்யப்பட்ட புனித செபஸ்தியார் படம் வரையக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் தங்கரேக்கைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் பலகையைத் தட்டிப் பார்ப்பேன்.

இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் பாப்லர் மரம்தான். நமக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசையை ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். பலகையின் இரண்டு பக்கமும் பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் வளையும். மேலே பழைய பருத்தி வேட்டித் துணியை ஒட்டுங்கள். இத்தாலியர்கள் லினன், அதாவது ஆளிநார்த் துணி, ஒட்டினார்கள்.

அப்புறம் ஜிப்சம். சேலம் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக் கல்லை அரைக்கலாமா என்று கேட்பார்கள். அது மேக்னசைட் என்ற வேறு கனிமம், வேண்டாம். ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிறையத் தண்ணீரில் போட்டு, இறுகாதபடி ஒரு மாதம் தினமும் கிளறுங்கள். வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அதை வெதுவெதுப்பான பசையில் குழைத்து, ஒரு பூச்சு குறுக்கே, அடுத்தது நெடுக்கே என்று எட்டுப் பூச்சாவது கொடுங்கள். குமிழி வந்தால் பசை சூடு அதிகம் என்று அர்த்தம். காய்ந்ததும் இரும்புத் தகட்டால் சுரண்டி வழவழப்பாக்குங்கள்.

ஒளிவட்டத்துக்குச் செம்மண் பூச்சு, தங்கரேக்கு, அகேட் கல்லால் தேய்ப்பு. செபஸ்தியாரின் உடம்பு நிறத்துக்கு அடிப்பூச்சாகப் பச்சை மண் நிறம். அது இல்லாவிட்டால் அம்பு தைத்த மேனி வெறும் ரோஸாக நிற்கும். முட்டையின் மஞ்சள் கருவைத் தோல் நீக்கி நிறப்பொடியோடு கலக்குங்கள். உடனே காய்ந்துவிடும் என்பதால் மெல்லிய கோடுகளாகவே தீட்ட வேண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், சேலத்து வெயிலில் மறுநாளே நாறும்.