மூட்டுத் திரவச் சாம்பிள்: அடிபட்ட தேதி எங்கே?

ஏசிஎல் (முழங்காலின் முன் சிலுவைத் தசைநார்) கிழிந்த முழங்காலில் எடுத்த திரவத்தை வைத்துக் குருத்தெலும்பு எவ்வளவு சிதைந்தது என்று பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், முன்பு நாங்கள் எல்லாரும் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை, லேபிள் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

அடிபட்ட தேதியை எழுதாமல் விடுவது

இதைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை. குழாயின் மேல் சாம்பிள் எடுத்த தேதி இருக்கும், நேரம்கூட இருக்கும். அடிபட்டது என்றைக்கு? யாருக்கும் தெரியாது.

அடிபட்ட மூட்டு நாளுக்கு நாள் மாறுகிறது. முதல் சில நாட்களில் ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் எகிறி நிற்கும், வாரங்கள் போகப் போக இறங்கும். குருத்தெலும்பில் உள்ள அக்ரிகன் என்ற புரதம் உடைந்த துண்டுகளும் சீக்கிரமே திரவத்தில் வந்து குவியும். குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனின் சிதைவைக் காட்டும் சிடிஎக்ஸ்-2 ஏறுவதோ அதற்கப்புறம், வாரக் கணக்கில். மூன்றாம் நாள் சாம்பிளையும் ஏழாம் வாரச் சாம்பிளையும் அருகருகே வைத்தால், வித்தியாசத்தில் எவ்வளவு சேதத்தால் வந்தது, எவ்வளவு நாட்கணக்கால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

ஒரு மாணவி 'லேசான சேதம்', 'கடுமையான சேதம்' என்று இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வரைபடம் கொண்டு வந்தார். லேசான குழுவில் சிடிஎக்ஸ்-2 குறைவு. கேஸ் ஷீட்டைத் தோண்டிப் பார்த்தால், அந்தக் குழுவில் பெரும்பாலானோர் விளையாட்டில் விழுந்து அந்த வாரமே வந்தவர்கள். மற்றவர்கள் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு மாதம் கழித்து வந்தவர்கள். பலருக்கு ஷீட்டிலும் தேதி இல்லை. போன் போட்டுக் கேட்டால் "தீபாவளிக்கு முன்னாடி" என்கிறார்கள். அந்த நாளின் திரவத்தை மறுபடி எடுக்க வழியில்லை. வலியோடு ஊசி குத்தவிட்ட மனிதர்கள் கொடுத்தது அது, வீணாகிவிட்டது.

ஸ்வீடனில் ஏசிஎல் கிழிந்தவர்களுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட கேனான் ஆய்வுக்கு 121 பேரைச் சேர்த்தபோது, காயம் 4 வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்று முதலிலேயே வரம்பு போட்டார்கள். சரி, உங்களால் வரம்பு போட முடியாதா? படிவத்தின் முதல் கட்டமாகவாவது அந்தத் தேதியைக் கேளுங்கள். நோயாளிக்கு நினைவில்லையென்றால் 'சுமார்' என்று சேர்த்து எழுதுங்கள்.

நீர்த்துப்போனதை மறப்பது

நல்ல முழங்காலில் திரவம் சில மில்லிதான். வீங்கிய காலில் பல மடங்கு, ரத்தமும் கலந்து. சலைன் விட்டுக் கழுவி எடுத்தால் இன்னும் சிக்கல். அன்றே ரத்தமும் எடுத்து இரண்டிலும் யூரியாவை அளந்துவிடுங்கள். யூரியா ரத்தத்துக்கும் மூட்டுக்கும் இடையே தடையில்லாமல் போய்வருவதால், சலைன் எவ்வளவு கலந்தது என்று அந்த விகிதத்தில் தெரியும். வீக்கத்தில் சேர்ந்த நீரை இது திருத்தாது. அதற்காக உறிஞ்சிய மொத்த அளவையும் குறித்து வையுங்கள்.

சுழற்றாமல் ஃப்ரீசரில் வைப்பது

உறைந்து உருகும்போது திரவத்திலுள்ள செல்கள் உடைந்து நொதிகள் வெளியே வரும். முதலில் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிடுங்கள்.

அடிபடாத மறு முழங்காலை 'நார்மல்' என்று ஒப்பிட எடுப்பது

வேண்டாம். அதிலும் அளவுகள் மாறியிருக்கலாம்.

சிஓஎம்பி என்ற புரதம் ஏறினாலே குருத்தெலும்புச் சேதம் என்பது

அந்தப் புரதம் மெனிஸ்கஸிலும் (முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் திசு) தசைநாணிலும் மூட்டுச் சவ்விலும் உண்டு. ஏசிஎல் கிழிந்தவருக்கு மெனிஸ்கஸும் கிழிந்திருப்பது சாதாரணம். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் படித்த பிறகு அந்த எண்ணைப் பாருங்கள்.