செட்டிநாட்டு வீட்டுப் பழைய படங்கள்: விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டு வீடுகளில் வெள்ளையடிக்கும் வாரம்தான் படங்களுக்கு ஆபத்தான வாரம். வளவு, பட்டாலை என்ற வீட்டுக் கூடங்களில் தலைமுறைகளாகத் தொங்கியவை கீழே இறங்குகின்றன. யாரோ ஈரத்துணியால் துடைக்கிறார்கள். வாசலுக்கு வரும் வியாபாரி மரச்சட்டத்துக்கு ஒரு விலை சொல்லி, படத்தையும் சேர்த்து எடுத்துப் போகிறார். என்ன விலை போகும் என்று கேட்பதற்கு முன், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்.

முதல் வேலை: துடைக்காதீர்கள்

தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணாடி ஓவியத்தில் வண்ணம் கண்ணாடியின் பின்பக்கத்தில் தீட்டப்பட்டிருக்கும். பின்பலகையைக் கழற்றித் துடைத்தால் சாமியின் முகமே துணியோடு வந்துவிடும். படம் எந்த இடத்தில் தொங்கியது என்று குறித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், மூலைகள், எழுத்துள்ள இடங்கள் எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுங்கள்.

இரண்டாவது: அச்சா, கையால் தீட்டியதா?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, படத்தில் உள்ள முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. பெரும்பாலும் பெரிய விலை இருக்காது. புள்ளிகள் மணல் சிதறியதுபோல ஒழுங்கின்றி இருந்தால், கல்லச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய பழைய ஒலியோகிராஃப் ஆக இருக்கலாம். புள்ளியே இல்லாமல், பக்கவாட்டில் டார்ச் அடிக்கும்போது தூரிகைத் தடம் தெரிந்தால் கையால் தீட்டியதாக இருக்கக்கூடும். டார்ச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒலியோகிராஃப்களுக்கு வார்னிஷ் பூசி, சிலவற்றில் கித்தான் துணியின் நெசவுபோல மேடுபள்ளமும் அழுத்தியிருப்பார்கள்.

செட்டிநாட்டில் நிறையக் கிடைக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களில் பல, ஓவியர் ரவிவர்மாவின் அச்சகத்தின் வழி வந்தவை. 1894-இல் மும்பையில் தொடங்கிய அந்த அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் மாறியது. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று தேடுங்கள். ரவிவர்மாவின் கையெழுத்து அச்சிலேயே விழுந்திருக்கும். அதைக் கண்டு அசல் எண்ணெய் ஓவியம் என்று எண்ண வேண்டாம். அவர் 1906-இல் மறைந்த பிறகும் அச்சகம் பல ஆண்டுகள் நடந்ததால், அச்சகப் பெயர் மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது.

சில படங்களில் தேவியின் சேலைமேல் ஜரிகையும் ஜிகினாவும் துணியும் ஒட்டியிருப்பார்கள். அசிங்கம் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அந்தக் கைவேலைக்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு. என் கண்ணுக்கு வெறும் அச்சைவிட அதுதான் அழகு.

தஞ்சாவூர் ஓவியமாக இருந்தால் பலகையின் விளிம்பைப் பாருங்கள். பழையவை மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சின்மேல் தங்கத்தகடு பதித்துத் தீட்டியவை. ஒட்டுப்பலகை தெரிந்தால் அது அண்மைக் காலத்து வேலை. தங்கத்தகடு கறுக்காது; போலித்தகடு நாளடைவில் கறுக்கும், பச்சை பிடிக்கும்.

மூன்றாவது: பின்பக்கம்

சட்டம் போட்ட கடையின் சீட்டு, ஊர்ப் பெயர், பென்சில் குறிப்பு, பழைய ஆணி, பலகை வெட்டிய விதம் எல்லாம் சாட்சிகள். செட்டியார்கள் வணிகம் செய்த ரங்கூன், பினாங்கு என்று சீட்டில் இருந்தால் கிழிக்காமல் வையுங்கள். மரச்சட்டம் பர்மாத் தேக்கு என்றால் அதற்கே தனி விலை உண்டு. பின்பலகை மட்டும் புதிதாக இருந்தால், அதை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

நான்காவது: ஆச்சியிடம் கேளுங்கள்

யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டு எழுதுங்கள். பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டுங்கள். படம் வாங்கிய வரி ஒன்று கிடைத்தாலும், விவரம் தெரிந்தவர் அதை மதிப்பார்.

ஐந்தாவது: விலையும் சட்டமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இதேபோன்ற படங்களைப் பாருங்கள். அங்கே கேட்பது கடைக்காரர் சொல்லும் விலை. உண்மையில் விற்ற விலை வேண்டுமானால், ஏல நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடும் முடிவுகளோடு ஒப்பிடுங்கள். அளவு, கறை, கரையான் அரிப்பு எல்லாம் விலையை மாற்றும். கையால் தீட்டியது என்று தோன்றினால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள ரவிவர்மா ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டு, படத்தை வாங்கும் நோக்கமில்லாத மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள்.

நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கும் இதே தடை உண்டு.

வீடு பொதுவென்றால் படமும் பொது. செல்பேசியில் எடுத்து வைத்த படங்களைப் பங்காளிகள் அனைவருக்கும் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே யாரிடமும் விலை பேசுங்கள்.