காவடி நாளிலும் வீட்டிலிருந்தே டேப் மாற்றலாம்

தைப்பூசக் காவடி அன்று மொரிஷியஸில் அரசு விடுமுறை, அலுவலகத்தில் ஆள் இருக்காது. புயல் நெருங்கி மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் வாசலைத் தாண்டவே முடியாது. ஆனால் பேக்கப் அன்றைக்கும் ஓடியாக வேண்டும். அதனால் டேப் ஆட்டோலோடரை (பேக்கப் டேப்புகளை ரோபோ கையால் தானே மாற்றும் பெட்டி) எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்தே கட்டளை கொடுத்து, இயக்கப் பழகிக்கொள்ளுங்கள். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துதான்.)

லினக்ஸில் இரண்டு கருவிகள் போதும். எம்டிஎக்ஸ் ரோபோ கையை நகர்த்தும், எம்டி டிரைவுக்குள் இருக்கும் டேப்பை ஓட்டும். கைக்கு ஒரு சாதனக் கோப்பு, டிரைவுக்கு வேறொன்று. புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ -ஜி என்று கொடுத்தால் மீடியம்எக்ஸ் என்று ஒரு வரி வரும், அதுதான் கை. அதன் கடைசியில் /டெவ்/எஸ்ஜி3 மாதிரி இருக்கும். ரீபூட் செய்தால் அந்த 3 மாறிவிடலாம், ஆகவே ஸ்கிரிப்டில் /டெவ்/டேப்/பை-ஐடி கீழே உள்ள பெயரையே போடுங்கள். அப்புறம்:

எம்டிஎக்ஸ் -எஃப் /டெவ்/எஸ்ஜி3 ஸ்டேட்டஸ்

எந்த ஸ்லாட்டில் (டேப் வைக்கும் அறை) டேப் இருக்கிறது, எது காலி, டிரைவில் என்ன இருக்கிறது, பார்கோடு என்ன என்று எல்லாம் வரும். இதைப் பார்க்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். ஸ்லாட் எண் 1இல் தொடங்கும், டிரைவ் எண் 0இல். மூன்றாவது ஸ்லாட் டேப்பை டிரைவில் ஏற்ற, மேலே உள்ள கட்டளையில் ஸ்டேட்டஸுக்குப் பதில் லோட் 3 0. கட்டளை முடிந்தாலும் டிரைவ் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும், எம்டி ஸ்டேட்டஸில் ஆன்லைன் என்று வரும்வரை பொறுங்கள்.

எழுதுவது எப்போதும் டிரைவின் சாதனக் கோப்பான /டெவ்/என்எஸ்டி0க்கு. முன்னால் அந்த 'என்' இல்லாத எஸ்டி0, வேலை முடிந்ததும் டேப்பைத் தானே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். நான் ஒரே இரவில் இரண்டு டார் கோப்புகளை (பல கோப்புகளைக் கட்டிய தொகுப்பு) எஸ்டி0க்கு அனுப்பி, இரண்டாவது முதலாவதன் மேலேயே எழுதிவிட்டது. போன கோப்பு திரும்ப வரவில்லை.

இறக்கும்போது எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஆஃப்லைன், அதற்குப் பிறகுதான் அன்லோட் 3 0. ஆஃப்லைன் கொடுக்காவிட்டால் சில டிரைவுகள் டேப்பைத் தாங்களே வெளியே தள்ளாது, கை இழுக்கப் பார்த்து இல்லீகல் ரிக்வெஸ்ட் என்று நின்றுவிடும். வேறு ஏதாவது நிரல் டிரைவைத் திறந்து வைத்திருந்தாலும் வெளியே வராது.

லினக்ஸ் இல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் என்றால் எம்டிஎக்ஸுக்குப் பதில் சியோ, சாதனம் /டெவ்/சிஹெச்0. அதில் ஸ்லாட்டும் 0இலிருந்தே, ஆகவே சியோ மூவ் ஸ்லாட் 2 டிரைவ் 0 என்றால் மூன்றாவது டேப்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. கீழ்த்தளத்தில் இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கும் டேப்பை பேக்கப் என்று என்னால் எண்ண முடியவில்லை. முதல் எச்சரிக்கை வந்ததுமே ஸ்டேட்டஸில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் என்று காட்டும் ஸ்லாட்டுக்கு (டேப்பை வெளியே எடுக்கவும் உள்ளே போடவும் உள்ள வாசல்), அது 8, டேப் இருப்பது 5 என்றால் டிரான்ஸ்ஃபர் 5 8 என்று, நேற்றைய டேப்பை நகர்த்திவிடுங்கள். அலுவலகத்தில் கடைசியாகக் கிளம்புபவர் அதை எடுத்துக்கொண்டு கியூர்பீப் மாதிரி மேட்டுப் பகுதிக்குப் போகட்டும், காலி டேப் ஒன்றைப் போட்டுவிட்டு. நீங்கள் வீட்டிலிருந்து இன்வென்டரி கொடுத்து, புதிய பார்கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.