கப்பல் குரோனோமீட்டரின் நேரத்தைத் திருத்தாதீர்கள்

கப்பல் குரோனோமீட்டர் என்பது நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவிய துல்லியக் கடிகாரம். பழையது ஒன்று கைக்கு வந்ததும், செல்போனைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். முதல் தவறு அதுதான். கப்பலில் அதன் முள்ளை யாரும் அன்றாடம் தொட்டதில்லை. நாளுக்கு இரண்டு வினாடி முந்துகிறதா? நாள் தவறாமல் அதே இரண்டு வினாடி முந்தட்டும். குறிப்பேட்டில் எழுதிக் கழித்துக்கொள்வார்கள். நிலநடுக்கோட்டில் நேரத்தில் நான்கு வினாடி பிசகு என்றால் கப்பலின் இடத்தில் ஒரு கடல் மைல் பிசகு. முந்துவதோ பிந்துவதோ குற்றமல்ல, மனம்போனபடி ஓடுவதுதான் குற்றம். முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

சாவித் துளை அடியில் இருக்கிறது. கடிகாரம் இருக்கும் பித்தளைக் கிண்ணத்தை, கப்பல் ஆடினாலும் அதைச் சாயாமல் தாங்கும் வளையத்திலேயே கவிழ்த்து, பிடியை விடாமல் சாவி கொடுக்க வேண்டும். இரண்டு நாள் ஓடும் வகைக்குப் பெரும்பாலும் தினமும் ஒரே நேரத்தில், இடஞ்சுழியாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏழரை முறை. நின்றுபோனது சாவி கொடுத்தும் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். அது தானாகக் கிளம்பாது. பெட்டியோடு சட்டென்று கால் சுற்றுத் திருப்பினால்தான் கிளம்பும்.

காரணம் உள்ளே இருக்கிறது. 1780களில் லண்டனில் தாமஸ் எர்ன்ஷா உருவாக்கிய அமைப்பில், டிடென்ட் என்ற மெல்லிய எஃகுத் தடை பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இருபுறமும் மாறி மாறிச் சுழன்று நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒரு திசையில் வரும்போது, மயிரிழைத் தங்க வில் ஒன்றைத் தள்ளித் தடையை விலக்கும். ஒரு பல் நழுவும். அரை வினாடிக்கு ஒரு டிக். மறுதிசையில் தங்க வில் மட்டும் வளைந்துகொடுக்கும். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள்! டிடென்டுக்கு எண்ணெயே கூடாது. சாவி கொடுத்து முறுக்கிய பெரிய வில்லின் முறுக்கை இறக்காமல் பேலன்ஸைக் கழற்றுவது அதைவிடக் கொடுமை: விரல் டிடென்டில் பட்டால் போதும், சக்கரங்கள் தறிகெட்டு ஓடிப் பற்கள் நாசமாகும்.

வெளியூர் கொண்டுபோவதென்றால் முதலில் பேலன்ஸுக்குத் தக்கை ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும், வளையத்தையும் பூட்ட வேண்டும். இந்த வேலையைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பித்தளை பாலிஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகப்பு வெள்ளித் தகடு அல்ல. பித்தளைமேல் படிந்த மெல்லிய வெள்ளிப் பூச்சு, எண்கள் செதுக்கிய பள்ளத்தில் நிரப்பிய கறுப்பு மெழுகு. ஏலக் கடை ஒன்றில் பளபளவென்று தேய்த்த முகப்பைப் பார்த்தேன். மஞ்சள் தகட்டில் செய்தவர் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளே மிச்சமிருந்தன.