கடலோர நகரை வழிகாட்டி இல்லாமல் நடந்து பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுக நகரில் ‘ஃப்ரீடம் டிரெயில்’ என்றொரு நடைப்பாதை இருக்கிறது. பூங்கா ஒன்றில் தொடங்கி, பழைய நகரத்தின் ஊடாகச் சென்று, ஆற்றுப் பாலத்தைக் கடந்து சார்ல்ஸ்டவுன் வரை, தரையில் பதித்த சிவப்புக் கோடு வழி காட்டிக்கொண்டே போகும். நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, பிற்பகலில் சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள், அந்த 4 கிலோமீட்டருக்குள் 16 வரலாற்று இடங்கள் இருப்பதையும், கோடு முடியுமிடத்தில் உள்ள பங்கர் ஹில் நினைவுத் தூணின் உச்சிக்குப் போக 294 படிகள் ஏற வேண்டும் என்பதையும் கால் ஓய்ந்த பிறகுதான் உணர்கிறார்கள்.

தூரத்தை அளந்துவிட்டு நேரத்தை அளக்காமல் விடுவதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை. உள்நாட்டு நகரில் இந்தப் பிழை களைப்போடு போய்விடும். கடலோரத்தில் அப்படியல்ல. கடலுக்கு ஒரு நேரம், காற்றுக்கு ஒரு நேரம், வெயிலுக்கு ஒரு நேரம் என்று அங்கே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. கைப்பேசி வரைபடத்தில் அவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. ஏற்ற இறக்கமும் அதில் எளிதில் கண்ணில் படுவதில்லை. லிஸ்பன், ஜெனோவா போன்ற துறைமுக நகர்கள் நீரோரத்திலிருந்து குன்றின்மேல் படிப்படியாக ஏறியவை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் உதவும்: மணிக்கு 3 மைல் நடை, அதற்குமேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் அது நில்லாமல் நடப்பவருக்கான கணக்கு. வாசற்கதவையும் கல்வெட்டையும் நின்று பார்ப்பவர் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

மூன்று கடிகாரங்களில் பலரும் அறவே மறந்துவிடுவது கடலின் ஏற்றவற்றத்தைத்தான். மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் பாதை, கடல் ஏறும்போது நீருக்குள் போய்விடும். பிரான்சின் சேன் மாலோவில், கோட்டைச் சுவருக்கு எதிரே உள்ள கிரான் பே தீவுக்குக் கடல் வற்றும்போது நடந்தே போகலாம். ஆனால் அங்கே பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் உயரக்கூடும். போகும்போது காலடியில் உலர்ந்து கிடந்த கற்பாதை, திரும்பும்போது இருக்காது.

இதில் ஏமாற்றுவது வேகம். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடற்கரைகளில் நீர் ஏறச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதை ஒரே சீராக ஏறுவதாக எண்ணிக்கொள்வது தவறு. மாலுமிகள் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று கணக்கிடுவார்கள். அதாவது, முதல் மணி நேரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நிதானமாக நிற்பவரை, நடுவிலுள்ள இரண்டே மணி நேரத்தில் பாதிக் கடல் வந்து சூழ்ந்துவிடும். நேற்றைய நேரத்தை இன்றைக்கும் நம்பக் கூடாது. ஏற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது இன்னும் உயரமாக வரும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் இந்தக் கவலை குறைவு. ஆகவே ஓர் ஊரில் கற்ற பழக்கத்தை அடுத்த ஊருக்கு அப்படியே கொண்டுபோவதிலும் ஆபத்து இருக்கிறது. கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் அட்டவணை கையில் இல்லையென்றால் சுவரையோ படிக்கட்டையோ குனிந்து பாருங்கள். வெளிறிய உலர்ந்த கல், அதற்குக் கீழே கறுத்த பட்டை, அதற்கும் கீழே வழவழப்பான பச்சைப் பாசி என்று கல்லே வரி வரியாகச் சொல்லும். பாசி படிந்திருக்கும் உயரம் வரை நீர் அடிக்கடி வந்து போகிறது. அந்தப் பச்சையின்மேல் கால் வைப்பது தனியொரு தவறு. ஈரப் பாசியில் எந்தச் செருப்பும் நிற்காது.

வெயில் விஷயத்தில் ஏமாற்றுவது காற்று. நிலம் சூடேறிய பிறகு, பெரும்பாலும் முற்பகலின் கடைசியில், கடற்காற்று எழும். வியர்வை தோன்றியவுடனே உலர்ந்துவிடுவதால் உடம்பு குளிர்ச்சியாக இருப்பதாகவே தோன்றும். தாகமும் தெரியாது, தோல் கருகுவதும் தெரியாது. போதாததற்கு, உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. தொப்பி மேலிருந்து வரும் வெயிலை மறைக்கும், கீழிருந்து வருவதை மறைக்காது. உச்சி வேளையில் கரையை விட்டுக் குறுகிய தெருக்களுக்குள் புகுந்துவிடுவதே நல்லது. நிழலும் அங்கேதான் இருக்கிறது.

வெளிச்சத்தின் திசையை யோசிக்காமல் போய் நானே ஒரு முழுக் காலையை வீணடித்திருக்கிறேன். மேற்கு நோக்கிய கரையில் வரிசையாக நின்ற பழைய மாளிகைகளைப் படம் எடுக்க விடியலிலேயே போய் நின்றேன். சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் எழுந்ததால், முகப்புகளெல்லாம் படத்தில் கரிய அட்டைகளாக விழுந்தன. கிழக்கு நோக்கிய கரைக்குக் காலை, மேற்கு நோக்கியதற்கு மாலை என்று பிரித்துக்கொண்டிருந்தால் போதுமாயிருந்தது.

வழி தவறினால் கடலைப் பார்த்து நடந்தால் போதும் என்ற நம்பிக்கையும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. இஸ்தான்புல்லின் பழைய நகரத்தில் மூன்று பக்கமும் நீர்தான்: மர்மரா கடல், பாஸ்பரஸ் நீரிணை, தங்கக் கொம்பு என்ற கடற்கழி. கண்ணுக்குத் தெரிவது எந்த நீர் என்று அறியாதவர் எதிர்த்திசையில் வெகு தூரம் போய்விடுவார். உயர்ந்த சுவர்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறிப்பதால், கைப்பேசியிலுள்ள நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். அங்கே அதை நம்பித் திரும்புவதைவிட, தூரத்தில் தெரியும் ஒரு கோபுரத்தையோ கலங்கரை விளக்கத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்வது மேல். துறைமுகத்தின் ஓரமாக ஒரு கோடு வரைபடத்தில் தெரிந்தாலும், அது சுங்க வேலிக்குள் போய் முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி முடிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். துறைமுக, கடற்படைப் பகுதிகளில் படம் எடுக்கத் தடை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

நாள் முழுவதும் கரையையே பற்றிக்கொண்டு நடப்பது, என் பார்வையில், தவறுகளில் சலிப்பூட்டுவது. இன்றைய கரை பல நகர்களில் பழைய கரையே அல்ல. பாஸ்டனில் 1742-இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபேனியல் ஹால் என்ற சந்தை மண்டபம் அன்று நீரோரத்தில் நின்றது. கடலை மண்ணிட்டுத் தூர்த்ததால் இன்று நகரத்துக்குள் நிற்கிறது. மும்பையின் மரீன் டிரைவும் கடலைத் தூர்த்த நிலத்தில் அமைந்ததுதான். பழைய கிடங்குகளும் வணிகர் வீடுகளும் கரையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே இருக்கக் காரணம் இதுவே. காலையில் உள்தெருக்களில் தொடங்கி மாலையில் கரையோரமாகத் திரும்புவதுபோல் வட்டமாக வழி அமைத்தால் ஒரே சாலையை இருமுறை மிதிக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் படகுத்துறை இருந்தால் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் நன்றாக இருட்டிவிடும். அலைதடுப்புக் கற்களின்மேல் அஸ்தமனம் பார்க்க ஏறியவர், சூரியன் நீரைத் தொடுவதற்கு முன்பே இறங்கும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.